அந்த பிரிஞ்சி யாரு காசுல?

எங்க தெரு வாட்ஸ்அப் குரூப்ல ஒரு அழைப்பு வந்துச்சு. "50 வயதைக் கடந்தவரா நீங்கள்? ஓய்வுக்காலம் பற்றிக் கவலையா? இலவசப் பயிலரங்கம். மதிய உணவு உண்டு. தம்பதியாக வருவோருக்கு முன்னுரிமை."

தம்பதியா வந்தா என்ன முன்னுரிமை? முதல் வரிசை சேரா?

(போய்ப் பாத்தப்புறம் புரிஞ்சுது. ரெண்டு பேரும் வந்திருந்தா "வீட்ல கேட்டுட்டு சொல்றேன்"னு யாரும் நழுவ முடியாது.)

புதுசா படிக்க வந்தவங்களுக்கு என்னைப் பத்தி ரெண்டு வரி. அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு சின்ன கம்பெனில கணக்கு பாக்குறேன். லேத்து, மில்லிங், ஒரு பிரஸ் ஷாப், பேக்கிங் செக்‌ஷன். மாசா மாசம் பி.எஃப். சலான் போடுறது என் வேலை. எனக்கு அம்பது தாண்டிடுச்சு. வீட்டுக்காரரு ஆவடி ஃபேக்டரி, ரிடையர்மென்ட் கண்ணுக்குத் தெரியுற தூரத்துல. அதனால இந்த மாதிரி கூட்டம் நடத்துறவங்களுக்கு நாங்க ரெண்டு பேரும் வரன் தேடுற வீட்டுல நல்ல ஜாதகம் மாதிரி. எங்க போனாலும் தேடி வர்றாங்க.

சரி, போனோம். சி.டி.எச். ரோடு ஓரமா ஒரு ஏசி ஹால். பேச வந்த தம்பிக்கு முப்பது வயசு கூட இருக்காது. அந்த வெயில்ல கோட்டு, டை. பாவமா இருந்துச்சு.

முதல் ஸ்லைடு. ராமுன்னு ஒருத்தர் 25 வயசுல மாசம் அஞ்சாயிரம் போட ஆரம்பிச்சாராம். சோமு 35-ல ஆரம்பிச்சாராம். 60 வயசுல ராமு கோடீஸ்வரரு, சோமு பாவம், பாதி கூட வரல. "கூட்டு வட்டியோட மேஜிக்!"னு தம்பி கை தட்டச் சொன்னாரு.

ஹால்ல அத்தனை பேரும் 50-க்கு மேல.

என் பக்கத்துல டி.ஐ. சைக்கிள்ஸ்ல வேலை பாத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருத்தர் உக்காந்திருந்தாரு. என் பக்கம் சாஞ்சு, "அப்ப நான் யாரும்மா?"ன்னாரு.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. ஆனா அதுதானே கேள்வி? 54 வயசுக்காரன்கிட்ட 25 வயசு கதையச் சொல்றதுல என்ன கல்வி இருக்கு? டைம் மெஷின் வித்தா வேணா வாங்கிக்கலாம்.

அடுத்து பயமுறுத்தல். இன்னிக்கு மாசம் 30 ஆயிரம் செலவுன்னா, விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறினா, 20 வருஷத்துல அதே வாழ்க்கைக்கு 96 ஆயிரம் வேணும். கணக்கு சரிதான், நான் போட்டுப் பாத்தேன். அதைச் சொல்லி முடிச்ச கையோட ஒரு ஃபாரம் குடுத்தாங்க. பேரு, போன் நம்பர், ரிடையர் ஆகுற மாசம், வருஷம், "கையில் எதிர்பார்க்கும் தொகை", அதுக்குப் பக்கத்துல டிக் அடிக்க கட்டங்கள்.

பயிலரங்கத்தோட மொத்த நோக்கமும் அந்த ஒரு பக்கம்தான். மத்ததெல்லாம் அலங்காரம்.

சாப்பாட்டுல குறை சொல்ல மாட்டேன். பிரிஞ்சி, தயிர் வெங்காயம், ஒரு ஸ்வீட். சாப்பிட்டுக்கிட்டே வீட்டுக்காரரு கேட்டாரு: "இவ்வளவு பேருக்குச் சோறு போடுறாங்களே, யாரு காசு?"

நல்ல கேள்வி. அன்னிக்கு ராத்திரி உக்காந்து தேடினேன். பங்குச்சந்தையைக் கண்காணிக்கிற செபி 2012-ல ஒரு விதி கொண்டு வந்துச்சு: மியூச்சுவல் ஃபண்டு கம்பெனிங்க தாங்க நிர்வகிக்கிற பணத்துல வருஷத்துக்கு 0.02 சதவீதத்தை முதலீட்டாளர் கல்விக்குன்னு ஒதுக்கணும். பாக்க சின்ன நம்பர். ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு 20 கோடி. அது கம்பெனி முதலாளி பாக்கெட்லேர்ந்து வர்றதில்ல. ஃபண்டோட செலவுக் கணக்குல, அதாவது போட்டவங்க பணத்துல இருந்து போகுது. அப்ப ஃபண்டு கம்பெனி நடத்துற விழிப்புணர்வுக் கூட்டத்துல நீங்க சாப்பிடுற பிரிஞ்சி, ஃபண்டுல பணம் போட்ட எவரோ ஒருத்தரோட காசு. உங்ககிட்ட ஃபண்டு இருந்தா உங்க காசு. தயங்காம ரெண்டாவது தடவை கேட்டு வாங்கி சாப்பிடலாம்.

(நாங்க போன கூட்டம் அந்த வகை இல்ல. அது சுத்தமா வியாபாரம். அங்க பிரிஞ்சிக்குக் காசு குடுத்தது, அந்த ஃபாரத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டு அப்புறம் பாலிசி வாங்கப்போற யாரோ ஒரு அண்ணன்.)

இதை ஏன் இவ்வளவு நோண்டுறேன்னா, யாரு சோறு போடுறாங்கன்னு தெரிஞ்சா மேடைல எது சொல்ல மாட்டாங்கன்னு தெரிஞ்சிடும்.

உதாரணத்துக்கு, அன்னிக்கு முழுக்க ஒரு வார்த்தை வரல: மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். போஸ்ட் ஆபீஸ்ல இருக்கறது. 60 வயசு ஆனவங்க போடலாம். ரிடையர் ஆகி, இல்ல வி.ஆர்.எஸ். வாங்கி, பணம் கைக்கு வந்தவங்க 55-லயே போடலாம் (அதுக்குக் காலக்கெடு உண்டு, பணம் கைக்கு வந்து மூணு மாசத்துக்குள்ள). 2023 ஏப்ரல்ல உச்சவரம்பை 15 லட்சத்துலேர்ந்து 30 லட்சமா ஏத்தினாங்க. வட்டியையும் அப்பதான் 8.2 சதவீதம் ஆக்கினாங்க. முழு 30 லட்சம் போட்டா அந்த வட்டிக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை 61,500 ரூபாய். அரசாங்கம் குடுக்கறது. ஒரு ரிடையர்மென்ட் கூட்டத்துல முதல்ல சொல்ல வேண்டியது இதுதானே?

ஏன் சொல்லல?

2011 டிசம்பர் 1-லேர்ந்து அந்தத் திட்டத்துக்கு ஏஜென்ட் கமிஷன் கிடையாது. முன்னாடி அரை சதவீதம் இருந்துச்சு, எடுத்துட்டாங்க. அவ்வளவுதான் கதை. கமிஷன் இல்லாத சரக்குக்கு எவனாவது மைக் செட்டு வாடகை குடுப்பானா?

நான் மியூச்சுவல் ஃபண்டுக்கு எதிரி இல்ல, சொல்லிடுறேன். என்கிட்டயும் இருக்கு. 2013 ஜனவரிலேர்ந்து இடையில ஏஜென்ட் இல்லாம டைரக்டா போடுற வசதி இருக்கு, செலவு குறைவு. (அதையும் அந்தத் தம்பி சொல்லல. ஏன்னு திரும்பக் கேக்காதீங்க.)

இதுக்கப்புறம் எனக்கு ஒரு கிறுக்கு புடிச்சுது. எங்க கூட்டம்னாலும் போய் உக்காந்துடறது. வீட்டுக்காரரு "உனக்கு சினிமாவே வேணாம்டி"ன்னு சொல்ற அளவுக்கு.

பூந்தமல்லில ஒண்ணு. பேரு "ஓய்வுக்கால முதலீட்டுக் கருத்தரங்கம்". பத்து நிமிஷம் கருத்து, மீதி நேரம் அரங்கம். அப்புறம் எல்லாரையும் வேன்ல ஏத்தி மனை காட்டக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. திருமழிசை தாண்டி, அதையும் தாண்டி. வழி முழுக்க "மெட்ரோ வருது, மெட்ரோ வருது." வருது, உண்மைதான். கலங்கரை விளக்கத்துலேர்ந்து பூந்தமல்லி வரைக்கும் 26 கிலோமீட்டர். அவங்க காட்டின இடத்துக்கு பூந்தமல்லிலேர்ந்து ஒரு பஸ், அப்புறம் ஒரு ஷேர் ஆட்டோ, அப்புறம் கடவுள் துணை.

நம்ம ஆளுங்களுக்கு மனைன்னா ஒரு மயக்கம் இருக்கு, எனக்கும் இருக்கு. ஆனா 58 வயசுல மனை வாங்குறவங்க ஒண்ணு யோசிக்கணும். மாசச் செலவுக்கு அது பத்து பைசா தராது. திடீர்னு ஸ்டென்ட் வைக்கணும்னு டாக்டர் சொன்னா, 1,200 சதுர அடில 200 சதுர அடிய மட்டும் வித்துட்டு வர முடியாது.

அந்த வேன்ல ஒரு அக்கா மெதுவா என்கிட்ட கேட்டாங்க: "எங்க சைடுல ஒருத்தர் மாசம் ரெண்டு பர்சென்ட் தர்றாராம். நம்பலாமா?"

மாசம் ரெண்டுன்னா வருஷத்துக்கு 24. அரசாங்கம் வயசானவங்களுக்குன்னு பாத்துப் பாத்துக் குடுக்கறதே 8.2. இந்த ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினேன், அக்கா அமைதியாயிட்டாங்க. ஆருத்ரான்னு ஒரு நிதி கம்பெனி, ஞாபகம் இருக்குல்ல? அமைந்தகரைல ஆபீஸ். மாசத்துக்கே 25, 30 சதவீதம்னு சொன்னாங்க. 2022-ல பொருளாதாரக் குற்றப்பிரிவு உள்ள நுழைஞ்சப்புறம் வந்த கணக்கு: ஒரு லட்சத்துக்கும் மேல ஆளுங்க, 2,438 கோடி ரூபாய். அதுல எத்தனை பேரோட கிராஜுவிட்டி, எத்தனை பேரோட வி.ஆர்.எஸ். பணம் போச்சோ. படிக்காதவங்கதான் ஏமாந்தாங்கன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நம்ம ஏரியால பல பேருக்கு வாழ்க்கைல ஒரே ஒரு தடவைதான் பெரிய தொகை மொத்தமா கைக்கு வரும், வேலைய விட்டு வர்ற அந்த மாசம். அந்த மாசம் போன் நிக்காம அடிக்கும். மச்சான் அடிப்பாரு, மாப்பிள்ளை அடிப்பாரு, பேங்க்லேர்ந்து "உங்க ரிலேஷன்ஷிப் மேனேஜர் பேசுறேன்"னு ஒரு பொண்ணு அடிக்கும்.

(அந்தப் பொண்ணு பேச்சைக் கேட்டு எஃப்.டி.ன்னு நெனச்சு இன்சூரன்ஸ்ல கையெழுத்துப் போட்டிருந்தா பதறாதீங்க. பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள்ள வேணாம்னு எழுதிக் குடுத்தா திருப்பி வாங்கலாம். சின்னச் சின்ன பிடித்தம் போக மீதி வரும். 31-வது நாள் ஆச்சுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது.)

இப்ப எரிச்சல் போதும். சந்தோஷமான விஷயத்துக்கு வர்றேன்.

பி.எஃப்.காரங்க மாசா மாசம் 27-ம் தேதி ஒரு முகாம் நடத்துறாங்க. "நிதி ஆப்கே நிகட்"னு பேரு. 2023 ஜனவரிலேர்ந்து எல்லா மாவட்டத்துலயும் நடக்குது. அம்பத்தூர் பி.எஃப். ஆபீஸ்னு பேரு, ஆனா ஆபீஸ் இருக்கறது முகப்பேர்ல (ஆட்டோக்காரர்கிட்ட முன்னாடியே தெளிவா சொல்லிடுங்க). முகாம் ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல இருக்கலாம், பாத்துட்டுப் போங்க. கம்பெனி சார்பா நான் ஒரு தடவை போனேன்.

பேனர் இல்ல. கோட்டு இல்ல. ஒரு டேபிள், ஒரு கம்ப்யூட்டர், குடிக்கத் தண்ணி கேன்.

அங்க ஒரு ஆபீசர் ஒரு வெள்ளைத் தாள்ல பேனாவால எழுதிக் காட்டின கணக்கு இருக்கே, நான் போன எந்த ஏசி ஹால்லயும் அது கெடைக்கல.

பி.எஃப்.ல வர்ற மாசப் பென்ஷனுக்கு எல்லாருக்கும் தெரிஞ்ச ஃபார்முலா: சம்பளம் பெருக்கல் சர்வீஸ், வகுத்தல் 70. சம்பளம்னா நீங்க வாங்குற சம்பளம் இல்ல, உச்சவரம்பு 15,000. 1998 செப்டம்பர்ல சேர்ந்து 2026 செப்டம்பர்ல 58 ஆகுற ஒருத்தர எடுத்துக்குங்க. 28 வருஷம். 15,000-ஐ 28-ஆல பெருக்கி 70-ஆல வகுத்தா சரியா 6,000. எங்க கம்பெனில எல்லாரும் மனசுல வெச்சிருந்தது இந்த மாதிரி நம்பர்தான். சலான் போடுற எனக்கே யாரும் வந்து இதுக்கு மேல கேட்டதில்ல.

ஆபீசர் தாள்ல நடுவுல ஒரு கோடு போட்டாரு. 2014 செப்டம்பர் 1. அதுக்கு முன்னாடி உச்சவரம்பு 6,500-தான். அதனால முதல் 16 வருஷத்துக்கு 6,500 கணக்கு: 1,486 ரூபாய். அடுத்த 12 வருஷத்துக்கு 15,000 கணக்கு: 2,571. ரெண்டும் சேர்ந்து 4,057. இருபது வருஷத்துக்கு மேல சர்வீஸ் இருந்தா ரெண்டு வருஷம் போனஸா சேர்ப்பாங்க. அதையும் சேர்த்தாக்கூட நாலாயிரத்து ஐந்நூறத் தாண்டாது.

ஆறாயிரம்னு நெனச்சவருக்கு நாலாயிரத்துச் சொச்சம். அதுக்கு அகவிலைப்படியும் இல்ல. விலைவாசி ஏறும், இது ஏறாது.

கேக்க நல்லாவா இருக்கு? இல்லதான். ஆனா 54-ல தெரிஞ்சா நாலு வருஷம் இருக்கு. பி.எஃப். பணத்தை எடுத்து மொட்டை மாடில ஒரு ரூம் கட்டலாமான்னு யோசிக்கறவரு, இதைக் கேட்டப்புறம் வேற மாதிரி யோசிப்பாரு. 50-லயே பென்ஷன் எடுக்கலாம்னு யாரோ சொல்லியிருப்பாங்க. எடுக்கலாம், ஆனா 58-க்கு எத்தனை வருஷம் குறையுதோ, வருஷத்துக்கு 4 சதவீதம் வெட்டு, அதுவும் ஆயுசுக்கும். தலைகீழா, 60 வரைக்கும் தள்ளிப்போட்டா வருஷத்துக்கு 4 சதவீதம் கூடுதல். இதுதான் எங்க வயசுக்காரங்களுக்கு வேண்டிய பாடம். ராமுவும் வேணாம் சோமுவும் வேணாம்.

அந்த வெள்ளைத் தாளை ஆபீசர்கிட்ட கேட்டு வாங்கிட்டு வந்தேன். அடுத்த சம்பள நாள்ல மத்தியானம் எங்க கேன்டீன்ல உக்காந்தேன். மேடை எல்லாம் இல்ல, அவங்கவங்க பாஸ்புக் பிரின்ட்டை அவங்கவங்க கைல குடுத்தேன். (டீ டைம்ல வெச்சுப் பாத்தேன், பத்து நிமிஷத்துல மணி அடிச்சுடுது. சனிக்கிழமை சாயங்காலம் வெச்சா யாரு இருப்பா? சம்பள நாள்தான் தோது. அன்னிக்குத்தான் எல்லாரும் காசைப் பத்தின நெனப்புல இருப்பாங்க.)

அவங்கவங்க பேரு போட்ட தாள் கைல இருந்தா யாரும் கொட்டாவி விடுறதில்ல. இதை நான் கண்டுபிடிச்சதுக்கு எனக்கே ஒரு பிரிஞ்சி போடணும்.

முதல் பிரச்சினை இனிஷியல். ஆதார்ல அப்பா பேரு பின்னாடி முழுசா இருக்கும். பி.எஃப்.ல முன்னாடி ஒத்த எழுத்து. பள்ளிக்கூட சர்டிபிகேட்ல தமிழ் இனிஷியல். மூணு இடத்துல மூணு ஆளு. பொறந்த தேதி அதைவிட மோசம். ஒண்ணாங்கிளாஸ்ல சேர்க்கறப்ப வாத்தியாரு போட்ட ஜூன் மாசத் தேதி ஒண்ணு, அம்மா சொல்ற "தை மாசம்டா" ஒண்ணு. ரிடையர் ஆன அப்புறம் இதைத் திருத்த அலையறது பெரிய கொடுமை. வேலைல இருக்கும்போதே, கம்பெனி கையெழுத்து பக்கத்து டேபிள்லயே கெடைக்கும்போதே, திருத்திக்கணும்.

ரெண்டாவது நாமினி. லேத்துல நிக்கற அண்ணன் ஒருத்தர், பேரன் எடுத்தாச்சு. நாமினி யாருண்ணேன்னு கேட்டேன். "எங்கம்மா"ன்னாரு. வேலைக்குச் சேர்ந்தப்ப எழுதினது. அம்மா போய் பல வருஷம் ஆச்சு. பி.எஃப். விதிப்படி கல்யாணம் ஆனதுமே பழைய நாமினேஷன் செல்லாது, புதுசா எழுதணும். இது அந்த அண்ணனுக்குத் தெரியாது. அங்க உக்காந்திருந்த பாதிப் பேருக்கும் தெரியாது. போன்லயே பண்ணலாம், ஆதார் ஓ.டி.பி. வந்தாப் போதும். அன்னிக்கு கேன்டீன் ஜன்னல் பக்கம் வரிசைல நின்னு செல்ஃபி எடுத்ததெல்லாம் நாமினேஷன் போட்டோவுக்குத்தான்.

பேக்கிங் செக்‌ஷன் பொம்பளைங்க ஒருத்தரும் வாயத் தொறக்கல. ஆனா சாயங்காலம் படிக்கட்டுல புடிச்சுக்கிட்டாங்க. "அக்கா, எங்க வீட்டுக்காரரு செத்துட்டா எனக்கு என்ன வரும்?" இதை ஆம்பளைங்க முன்னாடி எப்படிக் கேப்பாங்க? பென்ஷன் வாங்குறவரு போயிட்டா மனைவிக்கு அதுல பாதி. நாலாயிரத்துல பாதி. கணக்கு அவங்களே போட்டுட்டாங்க, நான் சொல்ல வேண்டியிருக்கல. இப்ப அவங்களுக்குத் தனியா வெக்கறேன்.

இன்னொரு அண்ணன் கதை இருக்கு. வேலை மாறும்போதெல்லாம் பி.எஃப்.பையும் பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துட்டாரு. ஒரு தடவை பொண்ணு சடங்குக்கு, ஒரு தடவை திருநின்றவூர்ல வீட்டுக்குக் கடகால் போட. அவரு எஸ்டேட்டுக்கு வந்து இருபத்தஞ்சு வருஷம் இருக்கும், பென்ஷன் கணக்குல சர்வீஸ் ஆறே வருஷம். பத்து இருந்தாத்தான் மாசப் பென்ஷன். இப்ப 51. "இனிமே அந்தப் பணத்தத் தொடாதீங்கண்ணே, 58-ல பதிமூணு ஆயிடும்"னேன். அவரு கேட்ட கேள்வி: "இதை முன்னாடி யாராவது சொல்லியிருக்கலாம்ல?"

யாரு சொல்லுவா? இதுல யாருக்கும் கமிஷன் இல்லையே.

விக்காம சொல்லிக் குடுக்கறவங்களும் இருக்காங்க, இல்லன்னு சொல்ல மாட்டேன். ரிசர்வ் பேங்க், செபி, இன்சூரன்ஸ் ஆணையம், பென்ஷன் ஆணையம் நாலும் சேர்ந்து வளர்க்கற தேசிய நிதிக் கல்வி மையம்னு ஒண்ணு இருக்கு. பெரியவங்களுக்குன்னே பயிலரங்கம் நடத்துறாங்க, இலவசம். உங்க கம்பெனிக்கோ சங்கத்துக்கோ கேட்டுப் பாருங்க. ஆனா வந்தவங்ககிட்ட பாஸ்புக்கைக் காட்டி கணக்கு கேளுங்க. பொதுவாப் பேச விட்டீங்கன்னா "சேமிப்பின் அவசியம்"லயே சாப்பாட்டு நேரம் வந்துடும்.

என் டேபிள்ல இப்ப ஒரு ஃபைல் இருக்கு. எங்க பிரஸ் ஷாப் ஆளோட பழைய பி.எஃப். நம்பர், டி.என்./எம்.ஏ.எஸ்.னு ஆரம்பிக்கறது, எல்லா கம்பெனிக்கும் ஒரே நம்பரான யு.ஏ.என். எல்லாம் வர்றதுக்கு முந்தின காலம். பதினோரு வருஷ சர்வீஸ் அதுல மாட்டிக்கிட்டு இருக்கு. அந்தக் கம்பெனி மூடியாச்சு. இடத்துல இப்ப கண்ணாடி வெச்ச ஐடி பில்டிங், வாட்ச்மேனுக்கு ஒண்ணும் தெரியல. அந்தக் கம்பெனில அப்ப கணக்கு பாத்தவரு கொரட்டூர்ல இருக்கறதா சொல்றாங்க. இந்த 27-ம் தேதி ஃபைலத் தூக்கிட்டுப் போறேன், அதுக்குள்ள அவரைப் புடிச்சு சம்பளச் சீட்டு ஏதாவது கெடைக்குமான்னு கேக்கணும். கொரட்டூர் பக்கம் யாராவது படிச்சுக்கிட்டு இருந்தா, எண்பதுகள்லயும் தொண்ணூறுகள்லயும் எஸ்டேட்ல கணக்கு பாத்த பெரியவங்க யாராவது உங்க தெருல இருந்தா, கமென்ட்ல சொல்லுங்க.